விதை ஒன்று, பார்வை இரண்டு

மலாக்கா மாநிலத்தின் புலாவ் செபாங் வட்டாரத்தில் வளர்ந்தோருக்கு இரப்பர் மரம் புதிதன்று. ஆனால், 1890-களில் மலாயாத் தோட்ட முதலாளிகள் பலர் அம்மரத்தைப் பொருட்படுத்தவே இல்லை. அப்போது காப்பிதான் அவர்களின் பணப்பயிர். இரப்பரோ பால் தரவே பல ஆண்டுகள் ஆகும். இரப்பரை நடுமாறு வற்புறுத்திய சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்ட இயக்குநர் ஹென்ரி ரிட்லியைப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று கேலி செய்தனர்.

மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தார். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கர் நிலத்தில் இரப்பர் நட்டார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. அவற்றின் சக்கரங்களுக்கு இரப்பர் தேவைப்பட்டது. தயங்கியவர்களும் இரப்பருக்கு மாறினர். அத்தோட்டங்களில் பால்மரம் சீவத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தனர்.

மண்ணும் விதையும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தன, பார்வைதான் வேறுபட்டது. ‘இது ஆகாது’ என்று மனம் முடிவு கட்டிவிட்டால், கண்ணெதிரே உள்ள வாய்ப்பும் தென்படாது. ‘செய்து பார்ப்போமே’ என்று எண்ணினால், கை முயற்சியில் இறங்கும். எண்ணம் மட்டுமே மரத்தை வளர்த்துவிடாது. நட்டுப் பேணிக் காத்திருக்கவும் வேண்டும். ஆனால், அந்த முதல் விதையை ஊன்றச் செய்வது மனம்தான்.