மிதவையும் எடையும்: ஹூக்ளிக் கழிமுகத்தில் உல்லம் மீன்பிடிப்பு

கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் நன்னீரை நாடி ஆற்றை எதிர்த்து ஏறிவரும் மீனினங்கள் சிலவே உள்ளன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவ்வகையில் புகழ்பெற்றது சால்மன். இந்தியாவில் அந்த இடத்தை வகிப்பது உல்லம். வங்காளிகள் இதனை இலிஷ் என்பர். கோதாவரிக் கரையினர், ஆற்றில் ஏறிவந்த உல்லத்திற்குப் புலச என்று தனிப்பெயரே சூட்டி, அதற்குத் தனி விலையும் கொடுக்கின்றனர். பசிபிக் சால்மன் முட்டையிட்டபின் மடிந்துவிடும். உல்லமோ கடலுக்குத் திரும்பிச் செல்லும். வாழ்க்கை முறையில் இவ்வாறு வேறுபட்டாலும், இரண்டையும் பிடிப்பவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றே. ஓதம் ஏறி இறங்கும் நீரில், கருவியை வேண்டிய ஆழத்தில் நிறுத்துவது எங்ஙனம்?

சால்மன் பிடிப்போர் இதற்கு மிதவைத் தூண்டிலைக் கையாளுகின்றனர். மேலே ஒரு மிதவை, கீழே ஈயக்குண்டுகள், அவற்றிற்கும் கீழே இரை. ஆற்றின் மேற்பரப்பு நீர் விரைந்தும், அடிநீர் தரையின் உராய்வால் மெதுவாகவும் ஓடுவதால், எடை போதாவிடில் இரை மேலெழுந்து விடுகிறது. எடை மிகுந்தால் மிதவை அமிழ்ந்து போகிறது. உல்லத்திடம் இந்த உத்தி பெரும்பாலும் பலிப்பதில்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் மீனாதலால், அது தூண்டிலைத் தேடி வருவதில்லை. எனவே கருவி வலையாக மாறுகிறது. ஆனால் மிதவைக்கும் எடைக்கும் இடையேயுள்ள கணக்கு மாறுவதில்லை.

உல்லத்திற்குப் பெரிதும் பயன்படுவது செவுள் வலை. மேற்கயிற்றில் மிதவைகளும் அடிக்கயிற்றில் எடைகளும் கட்டப்பட்டு, வலை நீரில் சுவர்போல் நிற்கும். மிதவைகளின் தூக்கும் ஆற்றல் எடையைவிட மிகுந்திருந்தால் வலை மேற்பரப்பை ஒட்டி நிற்கும். எடை மிகுந்தால் தரைக்கு இறங்கும். எந்தப் பொருளை எடையாகக் கட்டுவது என்பதும் முக்கியமானது. 1 கிலோ ஈயம் நீருக்குள் ஏறத்தாழ 910 கிராம் எடையைக் காட்டும். 1 கிலோ சுட்ட மண்ணோ ஏறத்தாழ 500 கிராம்தான் காட்டும். நீருக்குள் 9 கிலோ எடை தேவையெனில் ஈயத்தில் 10 கிலோ போதும். மண் குண்டுகளில் 18 கிலோ வேண்டும். மண் குண்டு படகில் இடத்தை அடைக்கிறது, எளிதில் உடைகிறது. எனினும் அதற்குக் காசு செலவில்லை; தொலைந்தாலும் ஆற்றில் நஞ்சு கலப்பதில்லை. ஏழை மீனவர் அதனை நெடுங்காலம் கைவிடாதிருந்ததை அறியாமை என்று தள்ளிவிடுவது பொருந்தாது.

ஹூக்ளியில் ஓதத்தின் தாக்கம் நவத்வீபம் வரை உணரப்படுகிறது. சுமார் 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை நீர் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வேகமும் மிகுதி; அப்போது கடல்நீர் சுவர்போல் எழுந்து ஆற்றில் ஏறுவதும் உண்டு. உல்லத்தின் வரத்து மிகுவதும் பெரும்பாலும் இந்த நாட்களையொட்டியே. நீரோட்டம் இருமடங்கானால், நிலையாகக் கட்டப்பட்ட வலையின்மீது விழும் விசை நான்கு மடங்காகிறது. அந்த விசையை எதிர்த்து எடையைக் கூட்டிக்கொண்டே போவது வீண். இதனை நன்கு உணர்ந்த மீனவர்கள், வலையை நிறுத்திவைக்காமல் படகோடு சேர்த்து ஓட்டத்தின் போக்கிலேயே விடுகின்றனர். வலையும் நீரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் செல்வதால் விசை குறைகிறது. மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள வேக வேறுபாட்டைச் சமாளித்து வலையைச் செங்குத்தாக வைத்திருப்பதே அப்போது எடையின் வேலை; அதற்குச் சிறிதளவு எடை போதும்.

வங்கத்தின் பழைய கருவியான ஷாங்க்லா வலையில் எடைக்கு வேறொரு பணி உண்டு. பை போன்ற அந்த வலையின் கீழுதட்டில் கட்டப்படும் எடை, வாயைத் திறந்து வைக்கிறது. மீன் மோதுவதை உணர்கயிற்றின் வழியே விரலால் அறிந்தவுடன், மீனவர் கயிற்றைச் சுண்டி வாயை மூடுகிறார். கங்கையின் மீன்பிடி முறைகளைக் குறித்து 1924இல் விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல், சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக விளங்கியவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

பருத்தி நூலின் இடத்தை நைலான் கைப்பற்றியபின் இந்தக் கணக்கு முழுவதும் மாறிற்று. 1 கிலோ பருத்தி நூல் நீருக்குள் சுமார் 350 கிராம் எடையுடையது. நைலான் 120 கிராம் மட்டுமே. ஆகவே குறைந்த மிதவைகளைக் கொண்டே நீண்ட வலையைத் தாங்க முடிகிறது. மூங்கில் துண்டுகள் போய் பிளாஸ்டிக் மிதவைகள் வந்தன. வலை அழுகுவதில்லை, நாள்தோறும் உலர்த்த வேண்டியதில்லை, ஆனால் விலைக்கு வாங்க வேண்டும். வீட்டில் முடைந்த வலைக்குத் தேவைப்படாத முதல், இப்போது தேவையாயிற்று. அம்முதலை முன்பணமாக, வங்கத்தில் தாதன் எனப்படும் முறையில், தரகரே பெரும்பாலும் தருகிறார். பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கு விற்கவேண்டியதாகிறது. கடனைத் தீர்க்கும் அவசரத்தில் வலைக் கண் சிறுத்துவிடுவது வியப்பன்று.

மேற்கு வங்க அரசு 2013இல் வெளியிட்ட அறிவிக்கை, 90 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுடைய ஒற்றையிழைச் செவுள் வலைகளையும், 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த உல்லத்தைப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. லால்பாக் முதல் ஃபரக்கா வரையும், காட்வா முதல் ஹூக்ளி காட் வரையும் உள்ள ஆற்றுப் பகுதிகள் காப்பிடங்களாக அறிவிக்கப்பட்டன. நோக்கம் சரியானதே. ஒரு பெண்மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடுவதால், தப்பும் ஒவ்வொரு இளமீனும் வரும் ஆண்டுகளின் முதலீடாகும். ஆயினும் கண்ணளவை மட்டும் பார்க்கும் ஆய்வு முழுமையானதன்று. 100 மீட்டர் வலையை 50 மீட்டர் கயிற்றில் கோத்தால், 90 மில்லிமீட்டர் கண், 45 மில்லிமீட்டர் அகலமும் சுமார் 78 மில்லிமீட்டர் உயரமும் உடையதாய் விரிகிறது. அதே வலையை 30 மீட்டரில் நெருக்கிக் கோத்தால், அது தொளதொளவென்று தொங்கி, கண்ணளவுக்குச் சற்றும் பொருந்தாத மீனையும் சுற்றிப் பிணைத்துவிடும். அளவுகோல் சட்டத்தை ஒப்புக்கொள்ளும், வலையோ ஒப்புக்கொள்ளாது. கயிற்றின் நீளத்தையும் எடைகளின் இடைவெளியையும் சேர்த்துப் பார்க்கக் களப்பணியாளர்கள் பயிற்சி பெறுவது அவசியம்.

வலையால் நேராத இழப்பும் உண்டு. கல்கத்தாத் துறைமுகத்தின் வண்டலை நீக்குவதற்கென, வினாடிக்கு 40,000 கன அடி வரை நீரைத் திருப்பும் ஃபரக்கா தடுப்பணை 1975இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்திற்கு அப்பாலும் சென்ற உல்லத்தின் வழி அடைபட்டது. மேலாற்று மீனவர்கள் அம்மீனை ஏறத்தாழ இழந்தனர். தென்னாட்டிலும் அணைகள் இதே விளைவைத் தந்தன. கொள்ளிடத்தின் கீழணையில் உல்ல முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்யும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடைபெற்றன. பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், அண்மை ஆண்டுகளில் ஃபரக்காவுக்கு மேலே உல்லங்களை விட்டு, சிலவற்றில் அடையாளக் குறியும் பொருத்தி, அவற்றின் போக்கைக் கவனித்து வருகிறது.

தடைக்காலத்தில் மீனவர் எதை உண்பார் என்ற கேள்விக்கு வங்கதேசம் அரிசி வழங்கி விடையளிக்கிறது. இந்தியாவில் 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், மீன்பிடிப்பில்லாத 3 மாதங்களுக்கென, பயனாளி செலுத்தும் 1,500 ரூபாயுடன் அரசின் 3,000 ரூபாயைச் சேர்த்து வழங்க வகைசெய்தது. மாதத்திற்கு 1,500 ரூபாய் என வரும் இத்தொகை அடுப்பெரியச் சற்று உதவலாம்; தரகரின் கணக்கேட்டிலிருந்து ஒரு வலையை மீட்க அது போதாது.