‘ம்’ கொட்டும் கணினிகள்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்துவிட்டது. முதலில் சென்னை போன்ற பெருநகரங்களில்தான். திருவண்ணாமலையில் ஒருவர் மோடம் வைத்திருந்தால் அவருக்கு இணையம் என்பது ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தூரத்துக்கு ஓர் எஸ்.டி.டி. அழைப்பு. இரவு ஏற ஏறக் கட்டணம் பாதி, கால்பங்கு என்று இறங்கும். ஆனாலும் இணைப்பு இருக்கும் ஒவ்வொரு நொடிக்கும் காசு. பாதியில் லைன் அறுந்தால் போட்ட காசும் போச்சு, வந்த கோப்பும் போச்சு. ஒரு கோப்பை எந்த நெறிமுறையில் இறக்குவது என்ற கேள்வியின் கனம், இப்படி ஓர் ஊரிலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்.

அப்போது மாணவர்களுக்கு 500 ரூபாயில் கிடைத்தது ‘ஷெல்’ கணக்கு. படம் கிடையாது, திரையில் வெறும் எழுத்து மட்டும். எஃப்.டி.பி. மூலம் எங்கோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்த நிரல், வி.எஸ்.என்.எல்.லின் யூனிக்ஸ் கணினியில் வந்து உட்காரும். அங்கிருந்து தொலைபேசிக் கம்பி வழியே வீட்டுக் கணினிக்கு அதைக் கொண்டுவருவது தனி வேலை. மும்பையின் லைவ் வயர் போன்ற பி.பி.எஸ்.களை, அதாவது தொலைபேசியில் அழைத்து நுழையும் தகவல் பலகைகளை, பயன்படுத்தியவர்களுக்கும் இதே வேலைதான் இருந்தது. அதற்கு எக்ஸ்மோடம், ஒய்மோடம், இசட்மோடம், கெர்மிட் என்று நான்கு முக்கிய வழிகள் இருந்தன.

மனிதர் பேசும்போது லைனில் கரகரப்பு வந்தால் விட்டுப்போன சொல்லைக் காது தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். கணினிக்கு அந்த வசதி இல்லை. சுருக்கிய ஜிப் கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அந்தக் கோப்பு திறக்காமல் போகலாம். ஆகவே வந்த தகவல் சரிதானா என்று பெறுபவரே சோதித்து, அதை அனுப்புபவருக்குச் சொல்லியாக வேண்டும். நான்கு நெறிமுறைகளும் இதைச் செய்யத்தான் முயல்கின்றன. சோதனை எவ்வளவு கறாரானது, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

மூத்தது எக்ஸ்மோடம். சிகாகோவைச் சேர்ந்த வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் எழுதியது. மறு ஆண்டு பெரும் பனிப்புயலில் அந்த நகரம் முடங்கிக் கிடந்த நாட்களை ஒட்டி, பிப்ரவரியில் அவரும் ரேண்டி சூஸும் சேர்ந்து உலகின் முதல் பி.பி.எஸ்.ஸை இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கோப்பை 128 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது எக்ஸ்மோடம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு தொடக்கக் குறி, வரிசை எண், அந்த எண்ணின் தலைகீழ் வடிவம். பின்னால் ஒரு கூட்டுத்தொகை. மொத்தம் 132 பைட். பாட்டி கதை சொல்லும்போது பேரப்பிள்ளை ‘ம்’ கொட்டினால்தான் கதை நகரும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். துண்டு சரியாக வந்தால் பெறுபவர் ‘ம்’ என்கிறார், அடுத்த துண்டு கிளம்புகிறது. தவறாக வந்தால் ‘திரும்பச் சொல்லு’ என்கிறார். பதில் வரும்வரை அனுப்புபவர் சும்மா இருக்கிறார்.

சில பக்கங்களில் எழுதிவிடக்கூடிய இந்த எளிமையால்தான் எக்ஸ்மோடம் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பலவீனங்களும் அதே எளிமையிலிருந்து வந்தவைதான். ஆரம்பத்தில் இருந்த கூட்டுத்தொகைச் சோதனை 128 பைட்டுகளையும் கூட்டி, 256ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஒரு பைட் மூன்று கூடி இன்னொரு பைட் மூன்று குறைந்தால் கூட்டுத்தொகை மாறாது. இரண்டு பைட்டுகள் இடம் மாறி வந்தாலும் மாறாது. கண்டபடி சிதைந்த ஒரு துண்டு 256இல் ஒரு தடவை சரியானதாகத் தேறிவிடும். தொலைபேசி இரைச்சலோ தனித்தனி பிட்டாக வராது. கொத்தாக வந்து அடிக்கும். அதனால் பின்னர் 16 பிட் சி.ஆர்.சி. என்ற வகுத்தல் சோதனை சேர்க்கப்பட்டது. அடுத்தடுத்த 16 பிட்டுகளுக்குள் அடங்கும் எந்தக் கொத்துப் பிழையும் அதற்குத் தப்பாது.

காத்திருப்புக்கு எவ்வளவு விலை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2400 பிட் வேக மோடம், ஒவ்வொரு பைட்டோடும் சேரும் தொடக்க, முடிவுப் பிட்டுகள் போக, நொடிக்கு 240 பைட் அனுப்பும். ஒரு மெகாபைட் கோப்பு, ஒரு விநாடிகூட வீணாகாமல் வந்தால், சுமார் 73 நிமிடம். எக்ஸ்மோடத்தில் அது 8192 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் 0.55 நொடி எடுக்கும். பதிலுக்கான காத்திருப்பு 0.2 நொடி என்று வைத்தால் மொத்தம் 102 நிமிடம். அரை மணி நேர எஸ்.டி.டி. கட்டணம், வெறும் ‘ம்’முக்காக. இதே வேலை செயற்கைக்கோள் வழியாக நடந்தால் இன்னும் மோசம். 1980களின் பிற்பகுதியிலிருந்து மாவட்டத் தலைநகரங்களை இணைத்த நிக்நெட் செயற்கைக்கோள்வழி வலைதான். தகவல் பூமிக்கு மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய் இறங்கி, பதிலும் அப்படியே திரும்பி வர அரை நொடி ஆகும். அத்தகைய வழியில் எக்ஸ்மோடத்தை ஓட்டினால் அதே கோப்புக்கு 143 நிமிடம்.

இந்தக் காத்திருப்பை ஒழித்தவர் சக் ஃபோர்ஸ்பெர்க். முதலில் ஒய்மோடத்தில் துண்டை 1024 பைட்டாகப் பெருக்கி, கோப்பின் பெயரையும் அளவையும் முன்கூட்டியே அனுப்பும்படி செய்தார். எக்ஸ்மோடம் கடைசித் துண்டை வெற்றுக் குறிகளால் நிரப்பிக் கோப்பின் நீளத்தையே மாற்றிவிடும் தொல்லை அதனால் தீர்ந்தது. 1986இல் வந்த அவருடைய இசட்மோடத்தைத்தான் இந்தத் துறையின் உச்சம் என்பேன். அதில் பெறுபவர் ‘ம்’ கொட்டுவதே இல்லை. தகவல் தொடர்ந்து ஓடுகிறது. பிழை கண்டால் மட்டும், ‘இத்தனையாவது பைட்டிலிருந்து மறுபடி தொடங்கு’ என்று இடத்தைக் குறித்துக் குறுக்கிடுகிறார். சோதனை 32 பிட் சி.ஆர்.சி.; சிதைந்த துண்டு தப்பித்தவறித் தேறும் வாய்ப்பு 400 கோடியில் ஒன்றுக்கும் குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. லைன் அறுந்தாலும், மின்சாரமே போனாலும், மறுபடி அழைக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். அறுபதாவது நிமிடத்தில் துண்டிக்கப்பட்டவருக்கு அந்த அறுபது நிமிடக் காசும் வீணாவதில்லை. ஷெல் கணக்குக்காரர்கள் ‘எஸ்.இசட்.’ என்று தட்டியதும் வீட்டுக் கணினி தானே விழித்து வாங்கத் தொடங்கியதும் இசட்மோடத்தின் வேலைதான்.

ஒரு பொறியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1980களில் மோடங்களே பிழையைத் திருத்தத் தொடங்கின. அப்படியானால் ‘ம்’முக்குக் காத்திருப்பதும் திரும்ப அனுப்புவதும் எதற்கு என்று எண்ணிப் பிறந்தது ஒய்மோடம்-ஜி. கேட்காமலே கொட்டிக்கொண்டே போகும், ஒரு பிழை வந்தால் கோப்பு முழுவதையும் கைவிடும். ஆனால் மோடம் பொறுப்பேற்பது மோடத்திலிருந்து மோடம் வரை மட்டுமே. மோடத்துக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு கேபிள் இருக்கிறது. பழைய சீரியல் சில்லு ஒரு நேரத்தில் ஒரே பைட்டைத்தான் வைத்திருக்கும். செயலி வட்டில் எழுதுவதில் மூழ்கியிருந்தால் அடுத்த பைட் வந்து முந்தையதை அழித்துவிடும். மோடத்தைப் பொறுத்தவரை எல்லாம் சரி, கோப்போ பழுது. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் நிறுவியது: இடைவழியில் எத்தனை காவல் போட்டாலும், கடைசிச் சோதனை இரு முனைகளுக்கும் இடையேதான் நடக்க வேண்டும். விளம்பரத்தில் வேகத்தைப் பார்த்து ஒய்மோடம்-ஜியைத் தேர்ந்தவர்கள் தவறவிட்டது இந்த இடத்தைத்தான்.

தமிழருக்குத் தனியாக அக்கறைக்குரியது கெர்மிட். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸும் பில் கேட்சிங்ஸும் 1981இல் தொடங்கியது. வழியில் இருக்கும் கருவிகளை அது நம்புவதே இல்லை. சில பழைய இணைப்புகள் ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட்டை மட்டும் கடத்தி எட்டாவதை உதிர்த்துவிடும். ஆங்கில உரை ஏழு பிட்டுக்குள் அடங்குவதால் அதற்குச் சேதமில்லை. ஆனால் 1991இன் இஸ்கி, பின்னால் வந்த டிஸ்கி ஆகிய குறியேற்றங்களில் தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட இடங்களில் இருக்கின்றன. எட்டாவது பிட் உதிர்ந்தால் ஒரு தமிழ்ப் பக்கம் முழுவதும் ரோமன் எழுத்துக் குப்பையாகிவிடும். எக்ஸ்மோடத்தால் அத்தகைய இணைப்பில் ஓடவே முடியாது. கெர்மிட் அந்த எழுத்துகளுக்கு முன்னால் ஓர் ‘&’ குறியை வைத்து ஏழு பிட்டாகவே அனுப்பும்; மறுமுனை எட்டாவது பிட்டை மீட்டு ஒட்டும். தமிழ் உரைக்கு இது கிட்டத்தட்ட இரட்டிப்புச் சுமை. பின்னர், ‘இங்கிருந்து எல்லாம் மேல்பாதி’ என்று ஒரே குறியில் சொல்லிவிடும் வழியையும் சேர்த்து அதைக் குறைத்தார்கள். தொடக்கக் கால கெர்மிட் மெதுவானது என்பது உண்மை. அது ஒரு பொதியில் 94 எழுத்துக்கு மேல் அனுப்பாது. ஆனால் மற்றவை நின்றுபோகும் வழியில் போய்ச்சேரும் என்பதற்காக அதற்கு முதல் மரியாதை கொடுப்பேன்.

ஆக, இரைச்சலான நெடுந்தூர லைனுக்கு இசட்மோடம். இடையில் என்ன கருவி இருக்கிறதென்று தெரியாத வழிக்கு கெர்மிட். இரண்டும் கிடைக்காதபோது சி.ஆர்.சி.யோடு கூடிய எக்ஸ்மோடம்.

இவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. சிறு லினக்ஸ் பலகைகளை எழுப்பும் ‘யு-பூட்’ நிரலில் எக்ஸ்மோடம், ஒய்மோடம், கெர்மிட் மூன்றுக்கும் கட்டளைகள் உண்டு. இயங்குதளம் அழிந்துபோன ரூட்டர் ஒன்றை சீரியல் கேபிள் வழியே மீட்க எக்ஸ்மோடத்தைத்தான் நாடுகிறார்கள். பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் பலகையும் மடிக்கணினியும் ஒரே மேசைமேல் இருக்கும்போது பதில் வரக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. எஸ்.டி.டி. லைனில் அரை மணி நேரத்தைத் தின்ற அந்தக் காத்திருப்பு ஒரு மீட்டர் கேபிளில் பொருட்டே இல்லை. அங்கே இசட்மோடத்தின் நுட்பம் தேவைப்படாது; சில நூறு வரிகளில் அடங்கும் எக்ஸ்மோடமே போதும்.