முன்னாள் படைவீரர் நலனுக்கான நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம்

முன்னாள் படைவீரர்கள், பணியின்போது உடலுறுப்பு இழந்தோர், உயிர்நீத்த வீரர்களின் குடும்பத்தார் ஆகியோருக்கு நிதி திரட்டுவதற்காக மேற்கொள்ளப்படும் நீண்ட மிதிவண்டிப் பயணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. சிலர் ஒரே நாளில் 200 கி.மீ. ஓட்டுவர், சிலர் பல வாரங்கள் நாட்டையே கடப்பர். ஓட்டுபவரின் உழைப்பைக் கண்டு மற்றவர்கள் நன்கொடை தருவதே இதன் அடிப்படை.

சென்னையின் மேற்குப் பகுதிக்கு இச்செய்தி அந்நியமானதன்று. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் உருவாக்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் வளர்ந்தது. தமிழ்நாட்டில் பல வீடுகளின் முதல் வண்டியான ஹெர்குலிசும் பி.எஸ்.ஏ.வும் அதன் தயாரிப்புகள். அடுத்துள்ள ஆவடியில் பீரங்கி வண்டிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, படைவீரர்களுக்கான உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம் ஆகியவை உள்ளன. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலை மேற்கே செல்கிறது. பி.எஸ்.ஏ. என்னும் மூன்றெழுத்தின் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பதைப் பலர் அறியார். அது துப்பாக்கி செய்வதற்காக 1861-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். இரண்டாம் உலகப் போரில் வான்குடை வீரர்களுக்கென மடக்கு மிதிவண்டிகளையும் அது செய்து தந்தது.

வெளிநாட்டு முன்னோடிகள்

அமெரிக்காவில் 2004-இல் கிறிஸ் கார்னி என்ற மதுக்கூடப் பணியாளர், காயமுற்ற வீரர்களுக்கு நிதி திரட்ட நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை தனியாக ஓட்டினார். மறு ஆண்டு, போரில் கால் இழந்த வீரர்களே அவருடன் சேர்ந்து ஓட்டினர். ‘சோல்ஜர் ரைடு’ என்ற தொடர் பயணம் இப்படி உருவானது. பிரிட்டனில் 2007-இல் பிரின் பாரி, எம்மா பாரி தம்பதியர் தொடங்கிய ‘ஹெல்ப் ஃபார் ஹீரோஸ்’ அறக்கட்டளைக்கும் மிதிவண்டிப் பயணமே வித்து. 2008-இல் பிரான்சின் பழைய போர்க்களங்கள் வழியே ஓட்டினார்கள். ஹெட்லி கோர்ட் மறுவாழ்வு மையத்துக்கு ஒரு நீச்சல் குளம் கட்டித் தருவது அவ்வறக்கட்டளையின் முதல் இலக்கு. நன்கொடையாளருக்கு இலக்கு கண்ணுக்குத் தெரிந்ததும் பணம் சேர்ந்ததற்கு ஒரு காரணம் எனலாம்.

இந்தியாவில்

இவ்வகையில் நம் நாட்டில் குறிப்பிடத்தக்கது ஐதராபாத்தின் ஆதித்யா மேத்தா அறக்கட்டளை நடத்தும் ‘இன்ஃபினிட்டி ரைடு’. இதை நிறுவிய ஆதித்யா மேத்தா விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஆசிய அளவில் பதக்கம் வென்ற மிதிவண்டி வீரர். எல்லைப் பாதுகாப்புப் படையின் துணையுடன் 2020 நவம்பரில் காஷ்மீரில் புறப்பட்ட குழு, ஏறத்தாழ 3,800 கி.மீ. கடந்து டிசம்பர் இறுதியில் கன்னியாகுமரியை அடைந்தது. பணியில் உறுப்பிழந்த படையினரும் பொதுமக்களும் அதில் கலந்து ஓட்டினர்.

இங்கே வீரர் உதவி பெறுபவராக மட்டும் நிற்பதில்லை, தாமே ஓட்டுகிறார். விளையாட்டு மறுவாழ்வாகும் என்ற எண்ணமே படை மருத்துவமனையில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1948-இல் மருத்துவர் லுட்விக் குட்மன், காயமுற்ற படையினர் 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்குக்கு அதுவே வேர். 1965 போரில் குண்டடிபட்ட நம் இராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். முழங்காலுக்குக் கீழ் கால் இழந்தவர் செயற்கைக் காலை மிதிகட்டையில் பொருத்தி ஓட்டலாம். இருக்கையில் அமர்வதால் உடலின் முழு எடையும் வெட்டுண்ட காலில் இறங்காது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவருக்குக் கைகளால் சுழற்றி ஓட்டும் வண்டி உண்டு. பார்வையற்றவர் இருவர் ஓட்டும் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து மிதிப்பார்.

யாருக்கு இந்த உதவி?

‘படைவீரருக்கு ஓய்வூதியம் உண்டே’ என்ற கேள்வி இயல்பானது. உண்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை. சிப்பாய் நிலையில் சேர்ந்தவர் 15 ஆண்டு பணி முடித்தால்தான் பணிக்கால ஓய்வூதியம் பெறத் தகுதி அடைவார். அதற்கு முன்பே விலகியவர்கள் முதுமையில் வருமானமின்றி இருப்பது உண்டு. ஓய்வூதியம் பெறுபவரும் பெரும்பாலும் நாற்பது வயதையொட்டியே வெளியே வந்துவிடுகிறார். பிள்ளைகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இவர்களுக்கான பொது நிதியே படைவீரர் கொடிநாள் நிதி. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளியில் சிறு காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போட்டவர்களுக்கு இது நினைவிருக்கும்; அந்தக் காசு எங்கே போனது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். 65 வயது கடந்த, ஓய்வூதியமற்ற முன்னாள் வீரர்களுக்கும் கைம்பெண்களுக்கும் மத்திய முன்னாள் படைவீரர் வாரியம் இந்நிதியிலிருந்து மாத உதவி வழங்குகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளின் கல்விக்கும் மகளின் திருமணத்துக்கும் தனி உதவிகள் உண்டு.

கிலோமீட்டர் பணமாவது எப்படி?

ஒரு கணக்கைப் பார்க்கலாம். பூந்தமல்லியிலிருந்து வேலூர் வரை சுமார் 120 கி.மீ.; போய்வந்தால் 240. ஒருவர் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 ரூபாய் தருவதாக 50 பேர் ஒப்புக்கொண்டால் 24,000 ரூபாய் சேரும். மேலே சொன்ன முதியவர் ஒருவருக்கு அது மூன்று மாத உதவி. ஆனால் துணை வேன் வாடகை, பனியன், பதக்கம், மேடை என 20,000 ரூபாயை அதிலிருந்தே எடுத்தால் முதியவருக்குச் சேர்வது பதினைந்து நாள் பணமே. பயணத்தைப் பற்றிய செய்தியில் இந்த வேறுபாடு தெரியாது. வரவு செலவுக் கணக்கில்தான் தெரியும். ஆகவே ஓட்டுபவர் தம் செலவைத் தாமே ஏற்பதும், நன்கொடை ஓட்டுபவரின் கைக்கு வராமல் நேரே கொடிநாள் நிதிக்கோ அறக்கட்டளையின் கணக்குக்கோ செல்வதும் நல்லது. கொடிநாள் நிதிக்குத் தருவோருக்கு வருமான வரிச் சட்டத்தில் விலக்கு உண்டு. ரசீது கேட்டுப் பெற வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் பணம் செலுத்தலாம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் உள்ளது.

சாலை

மேற்கு நோக்கி இரண்டு வழிகள் உள்ளன. அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வழியாகச் செல்வது திருப்பதி சாலை. பூந்தமல்லி, திருப்பெரும்புதூர் வழியே வேலூர் செல்வது பெங்களூரு சாலை. வேலூர் மாவட்டத்தில் கண்ணமங்கலம் அருகே உள்ள கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பியதால் ‘ராணுவப்பேட்டை’ எனப் பெயர் பெற்ற ஊர். இவ்வகைப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சேருமிடம் இப்பகுதியில் இல்லை.

பெங்களூரு சாலையில் தொழிற்பேட்டை லாரிகள் மிகுதி. விடியலுக்கு முன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் பாதித் தொலைவைக் கடப்பது வழக்கம். பின்விளக்கும் ஒளிரும் மேற்சட்டையும் கட்டாயம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. உப்பிட்ட எலுமிச்சைச் சாறும் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும். செயற்கைக் காலுடன் ஓட்டுபவர் அவ்வப்போது அதைக் கழற்றி வியர்வையைத் துடைக்காவிட்டால் புண்ணாகிவிடும்; குழுவின் வேகத்தை அவரை வைத்தே அமைக்க வேண்டும்.

புதியவர்கள் முதலில் 200 கி.மீ. தொலைவை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்கும் ‘பிரெவே’ ஓட்டங்களில் பழகலாம். சென்னையில் மெட்ராஸ் ரேண்டனியர்ஸ் குழுவினர் இவற்றை நடத்துகின்றனர். கொடிநாள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், அந்நாளிலேயே ஓட்ட நினைப்பவர்கள் மாற்று நாள் ஒன்றையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கொடிநாள் நிதி ஆண்டு முழுவதும் நன்கொடை ஏற்கிறது.