ஒளியில் பதனாகும் ஸ்கிரீன்

ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி ஷூவைக் கையில் எடுத்து உள்ளே பாருங்கள். குதிகால் பதியும் இடத்தில் கம்பெனியின் பெயரும் சின்னமும் இருக்கும். சிலவற்றில் அது சூடான அச்சால் அழுத்திய ஃபாயில். பலவற்றில் அது ஸ்கிரீன் பிரிண்டிங். உள்தோலில் சின்னம், நாக்குப்பட்டையில் சைஸ் நம்பர், ஷூ வைக்கும் துணிப்பையில் பெயர் என்று தோல் தொழிலைச் சுற்றி அச்சுக்கு எப்போதும் வேலை உண்டு. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இந்தத் தோல் பகுதியைப் பற்றிப் பேசும்போது தோல் பதனிடும் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த அச்சுப் பட்டறைகள் கணக்கில் வருவதில்லை.

பட்டறையில் அச்சு இழுப்பது சுலபம். மையைத் தள்ளும் ஸ்குவீஜியைப் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் இழுத்துவிடுவார். பாடெல்லாம் ஸ்கிரீன் தயாரிப்பதில்தான். ஃபிலிம் எடுத்து, மெஷ் துணியில் ஒளி பட்டால் இறுகும் எமல்ஷன் பூசி, இருட்டில் காயவைத்து, ஃபிலிமை ஒட்டி எக்ஸ்போஸ் செய்து, தண்ணீரில் கழுவி, ஓட்டைகளை அடைத்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.

இந்த வரிசையிலிருந்து ஃபிலிமை அடியோடு எடுத்துவிடும் வழி ஒன்று இருக்கிறது. கணினியில் உள்ள படத்தை, உருகிய மெழுகால் நேரே ஸ்கிரீனின் மேல் எழுதிவிடுவது. திருப்பூரின் பெரிய பனியன் பிரிண்டிங் யூனிட்டுகளுக்குக் கணினியிலிருந்து நேரே ஸ்கிரீனுக்குப் படம் ஏற்றும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றில் மெழுகு ஒரு வகை. தோல் பகுதியின் பட்டறை ஒன்று இதற்கு மாற நினைத்தால், வேகத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது எமல்ஷனுக்குள் இருக்கிறது. அதை இந்தப் பகுதிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஏனென்றால் அது தோல் பதனிடும் வேதியியல்.

தோலுக்கும் ஸ்கிரீனுக்கும் ஒரே குரோமியம்

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் நீண்டது. குரோமியம் வந்தபின் வாரக்கணக்கில் நடந்த வேலை சில நாட்களுக்குள் முடிந்தது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்ற முறையில் இரண்டு தொட்டிகள் இருந்தன. முதல் தொட்டியில் தோலை டைகுரோமேட் கரைசலில் ஊறவைப்பார்கள். இரண்டாவது தொட்டியில் ஹைப்போ போன்ற ஒரு பொருள் அந்த டைகுரோமேட்டை ஒடுக்கும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டதாக மாறி, தோலின் புரதமான கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும். பச்சைத் தோல் ஏறக்குறைய 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். குரோமியம் ஏறிய தோல் 100 டிகிரி கொதிநீரையும் தாங்கும். இன்றும் டிரம்மிலிருந்து எடுத்த நீலத் தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் போட்டு, சுருங்குகிறதா என்று பார்த்துத்தான் பதம் சரி என்கிறார்கள்.

இனி ஸ்கிரீனுக்கு வருவோம். டைகுரோமேட்டில் நனைத்த காகிதம் வெயிலில் நிறம் மாறுவதை ஸ்காட்லாந்தின் முங்கோ பாண்டன் 1839இல் கண்டார். டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் ஒளி பட்ட இடத்தில் இறுகுவதை வைத்து ஃபாக்ஸ் டால்பட் 1852இல் காப்புரிமை பெற்றார். ஜெலட்டின் என்பதே தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனை வேகவைத்து எடுப்பதுதான். அதில் டைகுரோமேட்டைக் கலந்து ஒளி காட்டினால், ஷுல்ட்ஸின் இரண்டாவது தொட்டி செய்த வேலையை ஒளியே செய்கிறது. ஆறு மூன்றாகிறது, இழைகள் பிணைகின்றன. ஒளி பட்ட இடம் தண்ணீரில் கரையாது, படாத இடம் கரைந்து ஓடிவிடும். கரைந்து திறந்த கண்கள் வழியாகத்தான் மை இறங்குகிறது.

பின்னாளில் ஜெலட்டினின் இடத்துக்கு பாலிவினைல் ஆல்கஹால் வந்தது. டைகுரோமேட்டுக்குப் பதிலாக டயசோ, அதற்கும் பிறகு ஒளியில் தானே பிணையும் பாலிமர்கள் வந்தன. ஆனாலும் நம் ஊர் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் எமல்ஷன் டப்பாவோடு, பைக்ரோமேட் என்ற பெயரில் டைகுரோமேட் பொட்டலம் இன்றும் விற்கிறது. விலை மலிவு, பழகிய சரக்கு.

ஒரு ஸ்பூன் பைக்ரோமேட்

மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமும் ஆறு இணைதிறன் கொண்டதும் பெயரளவில் அண்ணன் தம்பி. உடம்புக்கு அவை வேறு வேறு. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. தோலில் பட்டால் அரிப்பும் ஆறாத புண்ணும் வரும்.

இதன் கொடுமையை இந்தப் பகுதி நேரில் கண்டிருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் ரசாயனங்கள் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். மழைநீர் அதில் ஊறி மஞ்சளாகி நிலத்தடிக்கு இறங்கியது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

பதனிடும் ஆலைகள் மீது சட்டம் இறுகியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களும், கழிவுநீரை வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடுகளும் வந்தன.

அச்சுப் பட்டறையின் கழுவு தொட்டிக்கு இப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. அங்கே பைக்ரோமேட் செலவாவது ஸ்பூன் கணக்கில்தான். ஆனால் ஸ்கிரீனைக் கழுவும்போது ஒளி படாத பகுதியிலிருந்து கரைந்து ஓடுவது ஒடுங்காத, ஆறு இணைதிறன் கொண்ட அதே டைகுரோமேட். அது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போகாமல் தெருச் சாக்கடைக்குப் போகிறது. கழுவுபவர் பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்கிறார்.

கறுப்பு போதாத ஃபிலிம்

ஃபிலிமின் வேலை ஒன்றுதான். படம் இருக்கும் இடத்தில் புற ஊதா ஒளியை மறிக்க வேண்டும். எவ்வளவு மறிக்கிறது என்பதை ஒளி அடர்த்தி என்ற எண்ணால் அளக்கிறார்கள். அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி கசியும், 2 என்றால் நூறில் ஒரு பங்கு, 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெள்ளி உப்பு பூசிய பழைய லித் ஃபிலிம் 3ஐத் தாண்டும். அதற்கு டெவலப்பரும் ஹைப்போவும் இருட்டறையும் வேண்டும். அதனால் சிறிய பட்டறைகள் டிரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து வேலையை ஓட்டுகின்றன. லேசர் டோனரின் கறுப்பு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் புற ஊதா ஒளிக்கு அது சல்லடை.

கறுப்பு கசிந்தால் படத்தின் இடமும் கொஞ்சம் இறுகிவிடும், கழுவும்போது எழுத்து திறக்காது. அதைத் தவிர்க்க எக்ஸ்போஸ் நேரத்தைக் குறைக்கிறார்கள். நேரம் குறைந்தால் இறுக வேண்டிய இடமும் அரைகுறையாகவே இறுகும். அந்த ஸ்கிரீனிலிருந்து எமல்ஷனும் அதில் சேராத ரசாயனமும் அதிகமாகக் கழன்று தண்ணீரோடு போகும். மிஞ்சியதும் சில நூறு அச்சுக்குள் கிழியும். பிறகு இன்னொரு ஸ்கிரீன், இன்னொரு ஸ்பூன் பைக்ரோமேட். போதாத கறுப்பின் விலை கடைசியில் சாக்கடையில் போய்ச் சேருகிறது.

மழைக்காலம் வேறு. டிரேசிங் பேப்பர் மர நாரால் ஆனது. ஐப்பசி ஈரத்தில் நார் உப்பி, தாள் விரியும். காலையில் எடுத்த பிரிண்டும் மாலையில் எடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. இரண்டு கலர் சின்னத்தில் ஒரு கலர் விலகினால் அந்த உள்தோல் ரிஜெக்ட்.

மெழுகுத் துளியின் கணக்கு

மெழுகு இயந்திரத்தில் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். பூசிக் காய்ந்த ஸ்கிரீன், ஊசி முனைகளில் பொருந்தி அசையாமல் நிற்கிறது. மேலே போய்வரும் தலைக்குள் மெழுகு சூட்டில் உருகியே இருக்கிறது. அதன் நுண்துளைகளிலிருந்து துளிகள் தெறிக்கின்றன. 30 பிக்கோலிட்டர் துளி ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒரு லிட்டரை லட்சம் கோடி பங்காக்கி அதில் முப்பது பங்கு. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, தலைமுடியைவிட மெல்லியது. துளி எமல்ஷனைத் தொட்ட கணத்தில் உறைந்துவிடுகிறது.

உடனே உறைவதில்தான் இதன் பலம். எமல்ஷன் தண்ணீரில் கரையும் பொருள். நீர் கலந்த மைத்துளி அதன்மேல் விழுந்தால், காய்வதற்குள் கொஞ்சம் ஊறும், கொஞ்சம் பரவும், காற்றில் ஈரம் கூடினால் இன்னும் பரவும். மெழுகு ஊறவும் பரவவும் நேரமில்லாமல் கெட்டியாகிவிடுகிறது. கறுப்பும் தடிப்பும் சேர்ந்து புற ஊதா ஒளியை நன்றாக மறிக்கின்றன.

அடுத்தது எக்ஸ்போஸ். பழைய முறையில் ஃபிலிமுக்கும் எமல்ஷனுக்கும் நடுவே இம்மியளவு இடைவெளி இருந்தாலும், கதவிடுக்கில் நுழையும் வெயிலைப்போல ஒளி சரிந்து நுழைந்து எழுத்தின் ஓரத்தை அரித்துவிடும். அதைத் தடுக்கத்தான் கண்ணாடியும் வேக்குவமும். மெழுகு எமல்ஷன்மேலேயே ஒட்டியிருப்பதால் இடைவெளியே இல்லை. கண்ணாடி வேண்டாம், வேக்குவம் வேண்டாம், கண்ணாடித் தூசியால் விழும் ஊசி ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். கண்ணாடியும் ஃபிலிமும் விழுங்கிவந்த ஒளி முழுவதும் எமல்ஷனுக்குக் கிடைக்கிறது. கறுப்பு கசியாததால் பயமில்லாமல் முழு நேரம் காட்டலாம், எமல்ஷன் முழுதாக இறுகும். கழுவும்போது அடியில் உள்ள எமல்ஷன் கரைய, மேலிருந்த மெழுகு ஏடாகக் கழன்று வந்துவிடும்.

கெட்டி மெழுகை உருக்கி அச்சிடுவது பழைய உத்திதான். 1991இல் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இதே அடிப்படையில் அலுவலகக் கலர் பிரிண்டர் விற்றது. அந்தப் பிரிவை வாங்கிய ஜெராக்ஸ் அதைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அந்தப் பிரிண்டர்களை வைத்திருந்தவர்களுக்கு ஒரு பாடம் தெரியும். அணைத்து மறுபடி போட்டால் தலையைச் சுத்தம் செய்யவே மெழுகு செலவாகும். மின்வெட்டு உள்ள ஊரில் பட்டறைக்கு இது முதல் கேள்வி. யூபிஎஸ் செலவையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். இயந்திரத்துக்கே பல லட்சம் ஆகும். நாளைக்கு இரண்டு ஸ்கிரீன் போடும் பட்டறைக்குத் தனியாக இது கட்டாது. பல பட்டறைகள் சேர்ந்து ஓரிடத்தில் இயந்திரம் வைத்து, ஸ்கிரீனுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினால் கணக்கு சரியாக வரலாம். ஃபிலிம் எடுத்துக் கொடுக்கும் கடைகள் முன்பு அப்படித்தான் நடந்தன.

முதலில் மாற்ற வேண்டியது

இயந்திரம் வாங்கியும் பைக்ரோமேட்டை விடாத பட்டறைக்கு மெழுகு முழுப் பலன் தராது. டைகுரோமேட் பூசிய ஸ்கிரீன் இருட்டில் வைத்தாலும் மெல்ல மெல்லத் தானே இறுகிக்கொண்டிருக்கும். சூடு கூடினால் அது இன்னும் வேகமாக நடக்கும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், இன்று பூசியதை இன்றே எக்ஸ்போஸ் செய்தாக வேண்டும். மெழுகு இயந்திரத்துக்கோ, முன்கூட்டியே பூசிக் காய்ந்து அடுக்கில் தயாராக நிற்கும் ஸ்கிரீன்கள் வேண்டும். அப்போதுதான் அது ஓயாமல் ஓடும், முதலும் திரும்பும். டயசோவோ புதிய பாலிமர் எமல்ஷனோ பூசினால், உலர்ந்த இருட்டறையில் வாரக்கணக்கில் காத்திருக்கும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பைக்ரோமேட் பொட்டலத்தை நிறுத்துங்கள். இதற்கு இயந்திரம் வேண்டாம், வேறு டப்பா வாங்கினால் போதும். இரண்டாவது, தூசியில்லாத, ஈரம் குறைந்த, பூச்சு சமமாக விழும் ஒரு கோட்டிங் அறை. பூச்சு மேடுபள்ளமாக இருந்தால் மெழுகுத் துளியின் ஓரமும் பிசிறும். மூன்றாவது, கழுவு தொட்டியின் வாயில் ஒரு வலை. மெழுகு ஏடுகள் குளிர்ந்த தண்ணீரில் கரையாது, குழாயை அடைக்கும். வலையில் பிடித்தால் திடக்கழிவாக அப்புறப்படுத்திவிடலாம். இவை மூன்றும் ஆனபின் மெழுகு இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

சந்தையும் இதே பக்கம்தான் தள்ளுகிறது. உடம்பில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குமேல் போகக்கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2017 செப்டம்பருக்குப் பின் சோடியம் டைகுரோமேட்டை ஐரோப்பாவுக்குள் பயன்படுத்தவே தனி அனுமதி வேண்டும். தோலின் குரோமியத்துக்குக் கணக்குக் கேட்பவர்கள், அந்தத் தோலில் சின்னம் அச்சிட்ட பட்டறையின் தொட்டியைப் பற்றியும் ஒருநாள் கேட்பார்கள்.

அவர்கள் கேட்பதற்கு முன் நாமே மாறுவது நல்லது. குரோமியத்தை அடக்கி ஆளத் தெரிந்த ஊர்கள் இவை. பதனிடும் டிரம்மில் அது எந்த நிலையில் இருக்க வேண்டும், எந்த நிலையில் இருக்கக் கூடாது என்று தலைமுறைகளாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த அறிவு பக்கத்துத் தெரு அச்சுப் பட்டறையின் தொட்டி வரைக்கும் வர வேண்டும். மெழுகு அதற்குத் துணை நிற்கும். தொடங்க வேண்டிய இடம் எமல்ஷன் டப்பா.