கப்பலுக்குள் பல் எப்படி வந்தது?

கம்ப்யூட்டரில் ஒரு சொல்லைத் தேடுவது சுலபம். ஆனால், தேடும் முறை தெரியாவிட்டால், கண் முன்னே இருக்கும் பெயரைக்கூட "இல்லை" என்று அது சொல்லிவிடும்! வடசென்னையின் ராயபுரம், எண்ணூர், திருவொற்றியூர் ஆகிய மூன்று ஊர்ப் பெயர்களே இதற்குச் சாட்சி.

எடிட்டர் என்றால் என்ன?

சினிமாப் படத்தை வெட்டி ஒட்டும் எடிட்டர் அல்ல, இது வேறு. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்களுக்குப் புரோகிராமர் என்று பெயர். அவர்கள் எழுதவும் திருத்தவும் பயன்படுத்தும் சாதனம்தான் எடிட்டர்.

ஒரு கோப்பு பல ஆயிரம் வரிகள் நீளும். அதில் ஒரு சொல்லைக் கண்ணால் தேடினால் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே, தேடும் வேலையை எடிட்டரே செய்கிறது.

1976-ல் அமெரிக்காவில் பில் ஜாய் என்பவர் "வி.ஐ." என்ற எடிட்டரை எழுதினார். அதைப் பின்பற்றி 1991-ல் "விம்" வெளிவந்தது. அதை உருவாக்கியவர் நெதர்லாந்துக்காரரான பிராம் மூலனார். விம் இலவசம். உதவ விரும்புகிறவர்கள் உகாண்டா நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு அவர் கேட்டுக்கொண்டார். 2023-ல் அவர் காலமானார். ஆனால், விம் இன்றும் பயன்பட்டு வருகிறது.

மஞ்சள் வெளிச்சம்

விம்மில் சாய்வுக் கோட்டுச் சாவியைத் தட்டி, சொல்லை எழுதி, "என்டர்" தட்டினால் போதும். அந்தச் சொல் இருக்கும் இடத்துக்குத் தாவும். ஆங்கிலச் சின்ன "என்" எழுத்தைத் தட்டினால் அடுத்த இடம். பெரிய "என்" தட்டினால் முந்தைய இடம்.

இன்னும் சுருக்கமான வழியும் உண்டு. ஒரு சொல்லின் மேல் நின்று நட்சத்திரக் குறியைத் தட்டினால், அதே சொல் அடுத்து வரும் இடத்தைக் காட்டும். ஒரு கட்டளை கொடுத்துவிட்டால், கண்டுபிடித்த சொற்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நிறம் மாறிப் பளிச்சிடும்.

இந்த நிறம் வெறும் அலங்காரம் அல்ல. ஏன் தெரியுமா?

கப்பலுக்கு முளைத்த பற்கள்

துறைமுகம் பற்றிய கோப்பு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் "பல்" என்று தேடினால் "கப்பல்" எல்லாம் பளிச்சிடும்! "கப்பல்" என்ற சொல்லின் கடைசியில் "பல்" இருக்கிறதே!

நிறத்தைப் பார்க்காமல், "பல்" வரும் இடமெல்லாம் "பற்கள்" என்று மாற்றச் சொன்னால் என்ன ஆகும்? துறைமுகத்தில் "கப்பற்கள்" வந்து நிற்கும்! முழுச் சொல்லை மட்டும் தேடும்படி சொன்னால் இந்த ஆபத்து இல்லை. எப்படியானாலும், முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றுவதே நல்லது.

மூன்று ஊர், மூன்று பாடம்

ராயபுரம்: இங்குள்ள ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. இந்த ஊரின் பெயரைச் சிலர் "இராயபுரம்" என்றும் எழுதுவார்கள். "இராயபுரம்" என்று தேடினால் "ராயபுரம்" அகப்படாது. "ராயபுர" என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். "ராயபுரத்தில்" என்பதும் சேர்ந்து வரும்.

எண்ணூர்: "எண்ணூர்" என்று தேடினால் "எண்ணூரில்" வராது. "ர்" அங்கே "ரி" ஆகிவிடுகிறது அல்லவா? "எண்ணூ" என்று நிறுத்தித் தேட வேண்டும். இன்னொன்றும் உண்டு. எண்ணூர் துறைமுகத்துக்கு 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. விவரம் முழுவதும் வேண்டுமானால் இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

திருவொற்றியூர்: இதுதான் பெரிய வேடிக்கை. இதிலுள்ள "வொ" என்ற எழுத்தில், கொம்பையும் காலையும் ஒரே குறியாகப் பதிவு செய்யலாம். இரண்டு தனிக் குறிகளாகவும் பதிவு செய்யலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சில எடிட்டர்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதும். சில எடிட்டர்கள் வெவ்வேறாகக் கருதி, "இல்லை" என்று கைவிரித்துவிடும். அப்போது "ற்றியூ" என்ற துண்டை மட்டும் தேடினால் ஊர் அகப்பட்டுவிடும்.

"இல்லை" என்றால் விடாதீர்கள்

இது புரோகிராமர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. வாக்காளர் பட்டியல், பள்ளிக்கூடப் பட்டியல், நிவாரணப் பட்டியல் எல்லாமே இப்போது கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இருந்தும், ஓர் எழுத்து மாறியதால் "இல்லை" என்று பதில் வரலாம். அதை நம்பித் திரும்பிவிட்டால் நஷ்டம் யாருக்கு?

"இல்லை" என்ற பதில் வந்தால் பெயரின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து மறுபடி தேடச் சொல்லுங்கள். வேறு விதமாக எழுதியும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் அகப்படாவிட்டால், கதவு எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். எண்ணுக்குக் கொம்பும் இல்லை, காலும் இல்லை!