மூத்த பிள்ளைக்கு வந்தால் அடுத்த 3 பிள்ளைக்கு வராதா? அரிவாள் செல் ரத்த சோகையில் தப்புக் கணக்கு!

ஊட்டி,

குழந்தைக்கு திடீர் திடீரென கை, கால் வலி. உடம்பு வெளுத்துப் போகிறது. அடிக்கடி காய்ச்சல். இப்படி இருந்தால் "தாய் வழி தோஷம்" என்று மருமகள் மீது பழி போடுபவர்கள் உண்டு. ஆனால் இது தோஷமும் இல்லை, ஒட்டுவாரொட்டியும் இல்லை. அரிவாள் செல் ரத்த சோகை என்ற பரம்பரை நோயாக இருக்கலாம்.

இந்தியாவில் இந்த கோளாறு இருப்பது 1952-ல் நீலகிரி மலைவாழ் மக்களின் ரத்தத்தை சோதித்தபோது தெரியவந்தது.

வளைந்துபோகும் அணு

ரத்தத்தின் சிவப்பு அணு வட்டமாக இருக்கும். சுமார் 120 நாள் உயிர் வாழும். ஹீமோகுளோபினை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஒரு இடம் மாறினால் போதும், அந்த அணு அரிவாள் போல வளைந்து விறைத்துவிடும். 10 முதல் 20 நாளிலேயே உடைந்துவிடும். அதனால்தான் சோகை. சின்ன ரத்தக்குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உயிர் போகிற வலி.

தாய் மட்டும் காரணமா?

இந்த மரபணு அப்பாவிடம் இருந்து ஒன்று, அம்மாவிடம் இருந்து ஒன்று என 2 வருகிறது. இரண்டும் பழுதாக இருந்தால்தான் நோய். ஒன்று மட்டும் பழுது என்றால் பெரும்பாலும் எந்த தொந்தரவும் தெரியாது. ஆனால் பிள்ளைக்கு கடத்த முடியும். ஆக, பிள்ளைக்கு நோய் என்றால் தாய், தந்தை 2 பேரிடம் இருந்தும் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி 2 பேருமே கடத்துபவராக இருந்தால், பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. கடத்துபவராக பிறக்க 50 சதவீதம். எதுவும் இல்லாமல் பிறக்க 25 சதவீதம்.

பூவா, தலையா?

"4-ல் ஒன்றுதானே, மூத்தவனுக்கு வந்தாச்சு, இனி 3 பேருக்கு வராது" என்று நினைப்பதுதான் தப்புக் கணக்கு. காசை சுண்டும்போது முதலில் தலை விழுந்ததால் அடுத்து பூதான் விழும் என்று கட்டாயம் இல்லையே! அதுபோல ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25 சதவீத ஆபத்து புதிதாக வருகிறது. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால், 2 பேரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

என்ன செய்யலாம்?

கல்யாணத்துக்கு முன்பே ரத்த பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஒருவர் கடத்துபவர், மற்றவருக்கு எந்த பழுதும் இல்லை என்றால் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. இதை 2047-க்குள் ஒழிக்க மத்திய அரசு 2023 ஜூலை 1-ந்தேதி தனி திட்டம் தொடங்கியது. பழங்குடி பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு பரிசோதனை செய்வது இதில் அடங்கும்.

நோய் வந்தவர்களுக்கு வலியை குறைக்க ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து இருக்கிறது. டாக்டர் சொன்னபடி சாப்பிட வேண்டும். தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.