மதினி கேட்ட கேள்வி

போன மாதம் பாம்பனில் என் மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் குப்பையைக் கொளுத்தியவர், டார்ச் லைட்டின் பழைய பேட்டரி கட்டைகளையும் அதிலேயே போட்டார். "ஐயோ மதினி, வெடிச்சிடும்!" என்று குச்சியால் தள்ளி எடுத்தேன். "வேறென்ன செய்ய? கடல்ல வீசவா?" என்றார். நியாயமான கேள்விதானே!

2001-ல் வந்த விதிகள் கார், இன்வெர்ட்டருக்கான ஈய பேட்டரிக்கு மட்டும்தான். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டு வந்த விதிகளிலோ கடிகாரக் கட்டை, செல்போன் பேட்டரி எல்லாமே அடக்கம். புதைக்கவோ எரிக்கவோ கூடாது. வீட்டுக் குப்பையில் கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம் பொறுப்பு. திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வைப்பது தயாரிப்பாளர் பொறுப்பு.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. நம் பெண்கள் பாசி எடுப்பதும், நாம் மீன் வாங்கிச் சமைப்பதும் இந்தக் கடலை நம்பித்தானே!

தீர்ந்த கட்டைகளின் முனையில் டேப் ஒட்டி, ஈரம் படாத பிளாஸ்டிக் டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டப்பா நிறைந்ததும் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பவரிடம் போடாமல், புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழித்துக் கொள்வார்கள்.

இப்போது மதினி வீட்டுப் பரணில் ஒரு ஹார்லிக்ஸ் டப்பா இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று வைக்கலாமே!

- ஒரு வாசகி, ராமநாதபுரம்.